ஜெர்மன் கடற்படைக் குத்துவாளும் நம்ம ஊர் ஆவாரம்பட்டையும்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன மாதம் ஒரு பழைய மாணவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் நான்கு படங்கள் வந்தன. ஆம்பூரில் ஷூ ஏற்றுமதித் தொழிலில் இருப்பவன். வேலை விஷயமாக ஜெர்மனி போனவன், விடுமுறை நாளில் டூசல்டார்ஃப் நகரத்துப் பழம்பொருள் சந்தையைச் சுற்றியிருக்கிறான். படத்தில் ஒரு குத்துவாள். பித்தளை உறை, வெள்ளைக் கைப்பிடி, அதைச் சுற்றி முறுக்குக் கம்பி, உச்சியில் சிறகை மடக்கிய ஒரு கழுகு. "சார், ஜெர்மன் நேவி டேகர். ஒரிஜினல்னு சொல்றான். வாங்கலாமா?" இவ்வளவுதான் செய்தி.

"வேண்டாம்ப்பா" என்று உடனே பதில் போட்டுவிட்டேன். பிறகு ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. ஏன் வேண்டாம் என்று அவனுக்குச் சொல்லவில்லையே! வகுப்பில் காரணம் சொல்லாமல் விடை மட்டும் எழுதியவனுக்கு நான் பாதி மதிப்பெண்தானே போடுவேன்? காரணம் தேடப் போனதில் விஷயம் சோலிங்கனில் தொடங்கி, சென்னை துறைமுகம், தஞ்சாவூர் என்று சுற்றி, கடைசியில் நம் பாலாற்றங்கரைக்கே வந்து நின்றது.

முதலில் அந்தப் பொருளைப் பற்றி. பெயர்தான் குத்துவாள், யாரையும் குத்துவதற்காகச் செய்ததல்ல. கப்பலில் இடம் குறைவு. குறுகிய வழியிலும் செங்குத்தான ஏணியிலும் ஏறி இறங்குகிறவனுக்கு நீண்ட வாள் காலில் இடறும். அதனால் பல நாட்டுக் கடற்படைகளில் அதிகாரிகளும் பயிற்சி இளைஞர்களும் குட்டையான ஒன்றை இடுப்பில் தொங்கவிட்டார்கள். சீருடையில் அது ஒரு பாகம், பதவிக்கு அடையாளம். அலகின் இரு பக்கமும் நங்கூரம், பாய்மரக் கப்பல், கொடி என்று சித்திரங்களை அமிலத்தால் அரித்துப் பதித்திருப்பார்கள்.

இவை பெரும்பாலும் செய்யப்பட்ட ஊர் சோலிங்கன். டூசல்டார்ஃபிலிருந்து அங்கே போக, மாதனூரிலிருந்து வேலூர் போகிற தூரம்கூட இல்லை. ஆம்பூர் என்றால் தோல் என்கிற மாதிரி, சோலிங்கன் என்றால் கத்தி. வுப்பர் ஆற்றின் ஓடைகளில் தண்ணீர்ச் சக்கரம் வைத்துச் சாணைக்கல் சுற்றிய ஊர். இடைக்காலத்திலேயே அங்கே கொல்லர்களுக்கும் சாணை பிடிப்பவர்களுக்கும் தனித்தனிச் சங்கங்கள் இருந்தன. 1883-ல் இரண்டு பழைய குடும்ப நிறுவனங்கள் சேர்ந்து உருவான டபிள்யூ.கே.சி. என்ற கம்பெனி இன்றும் சீருடை வாள் செய்கிறது. சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது அலகின் அடிப்பகுதியில் இருக்கும் இந்தக் கம்பெனி முத்திரையைத்தான்.

அடுத்துப் பார்ப்பது கைப்பிடி உச்சியில் இருக்கும் குமிழை. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. கெய்சர் ஆண்ட காலத்தில் அந்தக் குமிழ் ஒரு பேரரசக் கிரீடம். 1918-ல் கெய்சர் பதவி போய் நாட்டை விட்டே ஓடினார். 1919 ஜூன் 21-ல் ஜெர்மானியர் தங்கள் கடற்படைக் கப்பல்களை ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோவில் தாங்களே மூழ்கடித்தார்கள். பிறகு வந்த குடியரசில் கிரீடம் கூடாது. அதன் இடத்தில் தீக்கொழுந்து போல முறுக்கிய ஓர் உருண்டை வந்தது. கைப்பிடியும் சில வருஷம் கறுப்பாக இருந்து, 1929-ல் மறுபடி வெள்ளையானது. 1938-ல் ஹிட்லர் அரசு அந்த உருண்டையையும் எடுத்துவிட்டு, ஸ்வஸ்திகாவைக் காலில் பற்றிய கழுகை வைத்தது.

இந்தக் குமிழ் திருகாணி போலக் கழற்றி மாட்டக்கூடியது. புதுக் கத்தி வாங்கக் காசு செலவழிக்க விரும்பாத பழைய அதிகாரிகள் பலர் குமிழை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். கெய்சர் காலத்து அலகின் மேல் ஹிட்லர் காலத்துக் கழுகு உட்கார்ந்திருக்கும் குத்துவாள்கள் இன்றும் கிடைக்கின்றன. முப்பது வருஷ சரித்திரம் ஒரு திருகில்! கரும்பலகையில் ஒரு மணி நேரம் எழுதினாலும் பிள்ளைகளுக்கு இவ்வளவு தெளிவாகப் புரிய வைக்க முடியாது.

சீருடையில் ஒட்டியிருக்கும் ஒரு சின்னப் பொருளுக்கு இவ்வளவு கனமா என்று கேட்காதீர்கள். வேலூர்க்காரர்கள் கேட்கவே கூடாது. 1806 ஜூலை 10-ல் நம் கோட்டையில் வெடித்தது எதனால்? திப்புவின் குடும்பம், சம்பளம், எல்லாம் இருந்தன. ஆனால் பொறி வைத்தது புதுத் தலைப்பாகை. அதில் செருகச் சொன்ன தோல் குஞ்சம். அது மாட்டுத் தோலா, பன்றித் தோலா என்ற சந்தேகத்தில் இரு மதத்தாரும் ஒன்றாகக் கொதித்தார்கள். உடுப்பில் இருக்கும் ஒரு துண்டுத் தோல் எத்தனை உயிரை வாங்கும் என்பதை உலகத்துக்குக் காட்டியது நம் ஜில்லாதான்.

சரி, ஜெர்மன் கடற்படைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. வீட்டில் அடங்காத பிள்ளையை "சரியான எம்டன்" என்று நம் பாட்டிகள் திட்டவில்லையா? 2006-ல் வந்த படத்துக்குக்கூட முதலில் 'எம்டன் மகன்' என்றுதான் பெயர். அந்த எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு, ஒன்பதரை மணிக்குப் பிறகு, சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று விளக்கைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. ஏறத்தாழ 125 குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலில் உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. பதிலுக்குப் பீரங்கிகள் முழங்கத் தொடங்கியபோது எம்டன் கிளம்பிவிட்டது. அடுத்த சில நாள் ஆயிரக்கணக்கான ஜனங்கள் பட்டணத்தைக் காலி செய்து ஓடினார்கள். அவர்களில் மேற்கே ரயிலேறியவர்கள் நம் காட்பாடி, ஆம்பூர் வழியாகத்தானே போயிருக்க முடியும்? ஒரு குண்டின் சிதறல் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயர் நீதிமன்ற மதில் ஓரத்தில் ஒரு கல்வெட்டும் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் நின்று படியுங்கள்.

எம்டனின் தளபதி கார்ல் ஃபான் முல்லர். பிடித்த வணிகக் கப்பல்களின் மாலுமிகளை முதலில் பத்திரமாக இறக்கிவிட்டு, அதன் பிறகே கப்பலை மூழ்கடிப்பார். இதை எதிரிப் பத்திரிகைகளே பாராட்டின. 1914 நவம்பர் 9-ல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' எம்டனை நொறுக்கியது. 130-க்கும் மேற்பட்ட ஜெர்மானியர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் கைதானபோது பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையிடமிருந்து ஓர் உத்தரவு வந்தது: இவர்களுக்குப் போர் மரியாதை கொடுக்க வேண்டும், தளபதியிடமிருந்தும் அதிகாரிகளிடமிருந்தும் வாளைப் பறிக்கக் கூடாது.

இந்த உத்தரவைப் படித்தபோது கொஞ்ச நேரம் பக்கத்தைத் திருப்பவில்லை. சென்னையில் செத்தவர்களைப் பற்றி யாரும் கணக்கு கேட்கவில்லை. அவர்கள் பெயர் நமக்கு வகுப்பில் சொல்லித் தரப்படவில்லை. சுட்டவருடைய வாளுக்கு மட்டும் மரியாதை. ஃபான் முல்லர் நல்ல மனிதர்தான், அதில் சந்தேகமில்லை. மால்டாவிலும் பிறகு இங்கிலாந்திலும் கைதியாக இருந்து, போர் முடிந்தபின் 1923-ல் இறந்தார். ஆனாலும் இரண்டு பெரிய வீட்டுக்காரர்கள் சண்டை போட்டுவிட்டு ஒருவர் துண்டை ஒருவர் மடித்துக் கொடுத்த மாதிரி எனக்குத் தோன்றியது.

எம்டனின் மிச்சங்கள் எங்கே போயின என்று பார்த்தால் சேகரிப்பவர்களின் மனசு புரியும். ஒரு பீரங்கி சிட்னி நகரத்து ஹைட் பூங்காவில் நிற்கிறது. கப்பலில் கிடைத்த மெக்சிகோ வெள்ளி நாணயங்களுக்கு வளையம் வைத்து, சிட்னி கப்பலின் மாலுமிகளுக்குப் பதக்கம் போலக் கொடுத்தார்கள். எம்டனில் வேலை செய்தவர்கள் தங்கள் குடும்பப் பெயரோடு 'எம்டன்' என்று சேர்த்துக்கொள்ள ஜெர்மனி அனுமதித்தது. கப்பலின் உடலோ கரை தட்டிய இடத்திலேயே துருப்பிடித்துக் கிடந்தது. 1950-களில் ஒரு ஜப்பானிய நிறுவனம் அதை வெட்டிப் பழைய இரும்பாக எடுத்துக்கொண்டு போனது.

பழைய இரும்பு என்றதும் எனக்குத் தஞ்சாவூர் ஞாபகம் வந்துவிடும். எம்டன் அதிகாரிகளின் வாளைத் தொடாதே என்று சொன்ன அதே ராஜ்யம், அறுபது வருஷத்துக்கு முன் நம் வாள்களை என்ன செய்தது தெரியுமா?

1855-ல் தஞ்சை மராத்திய அரசர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கம்பெனி அரசு ராஜ்யத்தை எடுத்துக்கொண்டது. அரண்மனை ஆயுதசாலையில் நாயக்கர் காலம் தொட்டுச் சேர்ந்த வாள், ஈட்டி, கட்டாரி எல்லாம் மலையாகக் குவிந்து கிடந்தன. அவற்றில் நல்லவை என்று பொறுக்கிய கொஞ்சத்தைச் சென்னை அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். மீதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். நான் சொல்வதல்ல. வால்ஹவுஸ் என்ற ஆங்கில அதிகாரி 1878-ல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் தஞ்சை ஆயுதசாலையைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதி வைத்திருக்கிறார்.

பிழைத்தவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். குறுக்குப் பிடியைக் கைக்குள் பற்றிக் குத்தும் கட்டாரிகள்; கையை மறைக்கும் தகட்டில் யாளி, கிளி, கொடி என்று இரும்பிலேயே துளை வேலை. சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போதெல்லாம் அங்கே அரை மணி நேரம் நிறுத்துவேன். நீங்கள் ஐஸ்கிரீமுக்காக முனகியது எனக்கு நினைவிருக்கிறது. தஞ்சைக் கட்டாரிகள் சில நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர் உயிலில் எழுதிவைத்துப் போனவை. இதில் வேடிக்கை, பல தென்னிந்தியக் கட்டாரிகளின் அலகு நம் ஊர் அலகே அல்ல. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த வாள்களை வெட்டி, நம் கொல்லர்கள் தங்கள் பிடியைப் பொருத்தினார்கள். அலகு அவர்களுடையது, பிடி நம்முடையது. அங்கே குமிழை மாற்றினார்கள், இங்கே பிடியையே மாற்றினார்கள்.

ஆக, ஓர் ஆயுதம் நூறு வருஷம் தாண்டுமா என்பது முதலில் அது யார் கையில் சிக்குகிறது என்பதைப் பொறுத்தது. நல்ல கையில் சிக்கினாலும் தப்பித்தது என்று நினைக்காதீர்கள். அடுத்த எதிரி உறைக்குள்ளேயே இருக்கிறான்.

மாணவன் அனுப்பிய நான்காவது படத்துக்கு வருகிறேன். அலகும் கைப்பிடியும் சேரும் இடத்தில் ஒரு சின்னத் தோல் வட்டு இருந்தது. உறையின் வாயில் உலோகமும் உலோகமும் இடிக்காமல் இருக்க வைப்பது. அந்த வட்டு உப்பியிருந்தது. அதை ஒட்டி அலகில் ஒரு கோடு போலத் துரு. மற்ற இடமெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்க, தோல் தொட்ட இடத்தில் மட்டும் அரிப்பு.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு எந்த நிபுணரும் வேண்டாம். பதனிட்ட தோலில் டானின் அமிலம் இருக்கிறது. அதில் பழுப்புப் பட்டைச் சாறும் உப்பும் மிச்சம் இருக்கும். காற்றில் உள்ள ஈரத்தை வேறு அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதன் பக்கத்தில் இரும்பை வைத்தால் என்ன ஆகும்? பழைய குழி டேனரியில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். ஈரத் தோலில் ஓர் இரும்பு ஆணி விழுந்தால் அந்த இடம் மை கொட்டினாற்போல் கறுத்துவிடும். பித்தளை பட்டால் பச்சைக் களிம்பு பூக்கும். ஜெர்மன் கடற்படையின் நீண்ட வாள்களுக்குக் கறுப்புத் தோல் உறையும் பித்தளைப் பூண்களும்தான். கடல் காற்றில் இரும்பு உறை துருப்பிடிக்கும் என்று பயந்து தோலைப் போட்டார்கள். அந்தத் தோலே பிற்காலத்தில் அலகைத் தின்றது. அதனால்தான் அருங்காட்சியகங்களில் வாளைத் தனியாகவும் உறையைத் தனியாகவும் வைக்கிறார்கள்.

தோலும் சும்மா இருப்பதில்லை, அதுவும் சாகிறது. பழைய புத்தகக் கட்டைத் தொட்டால் விரலில் செம்மண் போல ஒரு தூள் ஒட்டும், பார்த்திருப்பீர்கள். அதைச் செந்தூள் நோய் என்று வைத்துக்கொள்ளலாம். இங்கேதான் நம் ஊர் வருகிறது. லண்டன் நூலகங்களில் தோல் கட்டுகள் இப்படி உதிர்வதைப் பார்த்து, கலைச் சங்கம் ஒரு குழு போட்டு ஆராய்ந்தது. அறிக்கை 1905-ல் முழு வடிவில் வந்தது. மிக மோசமாக உதிர்பவை என்று அது கைகாட்டியவற்றில் நம் கிழக்கிந்தியத் தோல்களும் இருந்தன. காரணம் ஆவாரம்பட்டை! ஆவாரையில் இருக்கும் டானின் வகை காற்றில் உள்ள கந்தகப் புகையோடு சேர்ந்து சீக்கிரம் தோலை அரித்துவிடுகிறது. கடுக்காயில் இருக்கும் டானின் வேறு வகை. அது அதிக நாள் தாக்குப்பிடிக்கும். நம் முன்னோர் முதலில் ஆவாரம்பட்டைக் குழி, கடைசியில் கடுக்காய்த் தண்ணீர் என்று இரண்டும் கொடுத்தார்கள். நிறத்துக்காகவும் மெருகுக்காகவும் செய்தது, ஆயுளுக்கும் கொஞ்சம் உதவியிருக்கிறது.

அந்த அறிக்கையைக் கேட்டு யாருக்காவது ரோஷம் வந்தால், இதையும் கேளுங்கள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோல் வேண்டி, சென்னை மாகாணத்தில் பதனிட்ட மாட்டுத் தோலை அரசாங்கமே மொத்தமாக வாங்கியது. போருக்கு முன் வட இந்தியாவின் பச்சைத் தோலை அதிகம் அள்ளிப் போனவை ஜெர்மன் கம்பெனிகள். எம்டன் சென்னையைச் சுட்ட அந்த வருஷமே அந்த வியாபாரம் நின்றது. பூட்ஸ் நூறு வருஷம் தாங்க வேண்டியதில்லை, ஒரு போர் தாங்கினால் போதும்.

கைப்பிடிக்கும் ஒரு வார்த்தை. பழையவற்றில் யானைத் தந்தம் உண்டு. பிந்தியவை பெரும்பாலும் மரக்கட்டையின் மேல் போர்த்திய வெள்ளை செல்லுலாய்ட். பழைய சினிமாப் படச்சுருளின் பொருளேதான். அதில் சூடம் கலந்திருக்கும். தேய்த்து முகர்ந்தால் பூஜை அறை வாசனை அடிக்கும். போலியைக் கண்டுபிடிக்கச் சூடான ஊசியால் குத்திப் பார் என்று சிலர் சொல்வார்கள். செய்துவிடாதீர்கள், குப்பென்று பற்றிக்கொள்ளும். வயதானால் செல்லுலாய்டிலிருந்து அமில வாயு கசியும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் பூட்டி வைத்தால் அந்த வாயு உள்ளேயே சுற்றி, பித்தளையையும் அலகையும் அரிக்கும். பத்திரமாக வைக்கிறேன் என்று நாம் செய்வதே அதற்கு எமன்.

இனி என் சொந்தக் கதை. உறவினர்களுக்குத் தெரியும், மாணவர்களுக்குத் தெரியாது. எங்கள் தாத்தா தோல் மண்டிகளுக்காகச் சந்தை சந்தையாகப் போய்த் தோல் வாங்கியவர். இடுப்பில் பணம் இருக்கும், ராத்திரிப் பயணம் இருக்கும். கூடவே ஒரு பிச்சுவா இருக்கும். ஒரு சாண் அலகு, பித்தளைப் பிடி, ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலில் அவரே தைத்த உறை. அவர் போன பிறகு அது டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது. நான் ஆசிரியர் பயிற்சி முடித்த வருஷம், ஆயுத பூஜைக்கு அதை எடுத்தேன். உறையிலிருந்து வர மறுத்தது. இழுத்து எடுத்தால் அலகு முழுக்கப் புள்ளி புள்ளியாகத் துரு. எனக்கு அப்போது என்ன தெரியும்? செங்கல் தூளும் புளியும் போட்டு ஒரு மத்தியானம் முழுக்கத் தேய்த்தேன். உறை காய்ந்திருக்கிறதே என்று விளக்கெண்ணெயைத் தாராளமாக ஊற்றினேன். பளபளவென்று பூஜையில் வைத்தபோது அம்மா சந்தோஷப்பட்டார்.

பிடியின் அடியில் சின்னதாகச் சில எழுத்துகள் வெட்டியிருந்தன. தாத்தாவின் பெயரா, செய்த கொல்லரின் அடையாளமா, ஊர்ப் பெயரா? தேய்ப்பதற்கு முன் நான் படித்துப் பார்க்கவில்லை. தேய்த்த பிறகு படிக்க எதுவும் இல்லை. எண்ணெய் குடித்த உறை இரண்டு வருஷத்தில் கறுத்து, பிசுபிசுத்து, தையல் விட்டது. சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவன் செய்த வேலை இது. தஞ்சாவூரில் வெள்ளைக்காரன் உடைத்து விற்றான் என்று வகுப்பில் ஆவேசமாகச் சொல்லும்போதெல்லாம் அந்தச் செங்கல் தூள் என் தொண்டையில் நிற்கும்.

அதனால் வீட்டில் பழைய கத்தியோ வாளோ வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். எழுத்து இருந்தால் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து எடுங்கள். உறையையும் அலகையும் பிரித்து, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வராவிட்டால் இழுக்க வேண்டாம். வெறும் கையால் அலகைத் தொடாதீர்கள், வியர்வை உப்பு ஒரு வாரத்தில் விரல் ரேகையாகத் துருவேறும். புளி, எலுமிச்சை, சாம்பல், உப்புத்தாள், கடையில் விற்கும் பாலிஷ் எதுவும் கூடாது. மெல்லிய துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, மெழுகு ஒரு பூச்சு போதும். இதற்கென்றே அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் நுண்மெழுகு டப்பாவில் கிடைக்கிறது. பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்களிடம் அதற்கா பஞ்சம்? உறை செந்தூளாக உதிர்ந்தால் எண்ணெய் விடாதீர்கள். உதிர்ந்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி வைக்கலாம். மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள்.

ஜெர்மன் குத்துவாள் கேட்ட மாணவனுக்கு முழு விடை. ஒன்று, 1945-க்குப் பின் சோலிங்கன் பட்டறைகளில் மிஞ்சிய உதிரிப் பாகங்களைச் சேர்த்துக் கட்டி, நினைவுப் பொருள் தேடிய நேச நாட்டுச் சிப்பாய்களுக்கு விற்றார்கள். அதன் பிறகு முழுப் போலிகளும் வந்தன. பாகமெல்லாம் அசல், கத்தி அசல் இல்லை என்ற நிலை. சந்தையில் நின்று நாலு படம் பார்த்து யாரும் சொல்ல முடியாது. இரண்டு, இங்கே கொண்டுவருவது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு நம் ஆயுத விதிகளில் ஆயுதமாகவே எண்ணப்படும். இந்தக் குத்துவாள்கள் பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டும். உரிமம் இல்லாமல் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டு "சார்" என்று எனக்கு போன் செய்யாதே. தந்தப் பிடி என்றால் வனவிலங்குச் சட்டமும் சேர்ந்து வரும்.

மூன்றாவதுதான் நான் முதல் நாள் "வேண்டாம்ப்பா" என்றதன் காரணம். அந்தக் கழுகின் காலில் இருப்பது நம் வாசல் கோலத்து ஸ்வஸ்திகா இல்லை. ஜெர்மனியிலேயே அதைப் பொது இடத்தில் காட்டுவது சட்டப்படி குற்றம். ஏலப் பட்டியல்களில் அந்த இடத்தை மறைத்துத்தான் அச்சடிக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் அது இருக்க வேண்டும், விளக்கத்தோடு இருக்க வேண்டும். உன் வீட்டு ஹாலில், டி.வி.க்கு மேலே, பிள்ளைகள் தினம் பார்க்கும் இடத்தில் எதற்கு? கிரீடம் வைத்ததும் அந்தக் கழுகு வைத்ததும் ஒரே கடற்படைதான் என்று சில சேகரிப்பாளர்கள் வாதிடுவார்கள். குமிழ் கழற்றக் கூடியது என்பதாலேயே நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். மாட்டியவன் கையால்தானே மாட்டினான்?

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். அவன் வாங்கவில்லை. அதற்குப் பதில் ரயிலேறி சோலிங்கனுக்குப் போய், கிராஃப்ராத் பகுதியில் இருக்கும் கத்தி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். பழைய மடாலயக் கட்டடமாம். திரும்பும்போது அம்மாவுக்கு ஒரு காய்கறிக் கத்தி வாங்கியிருக்கிறான். முழு மதிப்பெண்.

கடைசியாக உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாகப் பிரிவினைக்குப் பிறகு தாத்தாவின் பிச்சுவா யார் வீட்டுக்குப் போனது என்று எனக்குத் தெளிவில்லை. பெரியப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில் என்று தங்கை சொல்கிறாள். குடியாத்தம் சித்தி வீட்டில் என்று தம்பி சொல்கிறான். யாரிடம் இருந்தாலும் சரி, கேட்டு வாங்கிக்கொள்ள மாட்டேன். பிடியின் அடிப்பக்கத்தை மட்டும் சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். நான் தேய்த்ததில் ஏதாவது ஓர் எழுத்தின் பள்ளம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துடைக்காமல் எடுங்கள்.